வெறும் தண்ணீரில் வெள்ளைப்புள்ளி

டென்மார்க்கிலிருந்து கடலூருக்கு ஆபீஸ் வேலையாகப் போன ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவன் முதுநகருக்குப் போனதை எழுதினால் அது பயணக் கட்டுரையா, லீவு லெட்டரா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கூட ஒரு வெள்ளைக்கார மேலதிகாரி வந்து பாருங்கள், சொந்தத் தெருவே வெளிநாடாகிவிடும். டீக்கடையில் நின்று டீ குடிப்பதற்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மேலதிகாரியின் பெயர் கிர்ஸ்டன். அறுபதை நெருங்கும் பெண்மணி. அவருடைய ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார். இந்தமுறை அது ஒரு பெட்டியில் வந்து மாட்டிக்கொண்டது. டிபன் பாக்ஸ் அளவில் நான் செய்திருக்கும் கருவி அது. இறால் குஞ்சுக்கு வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று குட்டைக் கரையிலேயே நாற்பது நிமிடத்தில் சொல்லிவிடும். "இந்தியாவில் ஒரு நல்ல லேபின் முடிவோடு உன் பெட்டி ஒத்துப்போகட்டும். அப்புறம் உன் வேலையைப் பற்றிப் பேசலாம்" என்றார் கிர்ஸ்டன்.

அந்த நல்ல லேபை அவரே இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தார். சிதம்பரத்தில் இருக்கிறதாம். நடத்துபவர் பெயர் கலியமூர்த்தியாம்.

கலியமூர்த்தி என்னுடன் கல்லூரியில் படித்தவன். என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவான். நான் செய்த தப்புகளையும் மரியாதையாக அப்படியே எழுதுவான். பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டான். ஆகையால் அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சான். நியாயப்படி பார்த்தால், வெளிநாடு போன என்னை அவன் அண்ணாந்து பார்க்க வேண்டும். உலகத்தில் அத்தனை லேப் இருக்கும்போது என் மேலதிகாரி அவனைப் போய் அண்ணாந்து பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் நாளே வாடகைக் கார் முதுநகரில் மூச்சை விட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். செத்தவரின் முகத்தைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார். கிர்ஸ்டனுக்கு ஒரே சந்தோஷம். "பஸ்ஸில் போகலாம்!" என்றார். ரசாயனங்கள் அடங்கிய ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஒரு காலை வைத்தேன். கண்டக்டர் விசில் ஊதினார்.

"யோவ், மீன் பொட்டிய எறக்கு!"

"மீன் இல்லீங்க. மருந்து."

"எல்லாரும் இதாம்பா சொல்றான். அப்பறம் பி.முட்லூர் தாண்டறதுக்குள்ள தண்ணி ஒழுவி சீட்டெல்லாம் நாறும்."

ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா எட்டி மோந்து பார்த்துவிட்டு எனக்குச் சாட்சி சொன்னார். "வாடையே இல்லியே. ஐஸ் ஜாஸ்தி போட்டு நல்லாத்தான் கொண்டாந்துருக்காரு. என்னா சார், நண்டா?"

பஸ் முழுவதும் என் நண்டை எதிர்பார்த்துத் திரும்பியது. வேறு வழியில்லாமல், "எறா டெஸ்ட் பண்ற சாமான்ங்க. சிதம்பரத்துல ஒரு லேபுக்குப் போறேன்" என்றேன்.

கண்டக்டரின் முகம் மலர்ந்தது. "டிஎன்ஏ சாரு லேபுக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? ஏம்மா, கொஞ்சம் தள்ளி ஒக்காரு, சாரு பொட்டிய வச்சுக்கட்டும். எங்க சின்ன மாமா குட்ட போட்டுருக்காரு. டிஎன்ஏ சாரு சரின்னு சொல்லாம ஒரு குஞ்சு எறக்க மாட்டாரு."

டென்மார்க்கில் பதினோரு வருடமாக என் பெயரை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. தபால்காரர்கூட முதல் இரண்டு எழுத்தோடு களைத்துப்போவார். இங்கே என் மச்சானுக்குப் பட்டப்பெயர், அதுவும் பஸ்ஸில் ஓசி சீட்டு வாங்கித் தருகிற பட்டப்பெயர்.

"என்ன சொல்கிறார்?" என்று கிர்ஸ்டன் கேட்டார்.

"பெட்டியை வைத்துக்கொள்ளலாமாம்" என்று சுருக்கமாக மொழிபெயர்த்தேன்.

"இல்லை, டிஎன்ஏ என்று ஏதோ சொன்னாரே."

அந்தச் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை தங்கை வீட்டில் இட்லியும் கொத்சும். கிர்ஸ்டன் மூன்றாம் முறை கொத்சு கேட்டபோது என் தங்கை சுமதிக்குப் பெருமை தாளவில்லை. எனக்கு இரண்டாம் முறையே கேட்காமல் இலையை எடுத்துவிட்டாள். "நீ அங்க போயி தொப்ப போட்டுட்ட. அவுரு பாரு, எப்புடி இருக்காரு" என்றாள். அவர் என்பது கலியமூர்த்தி, எனக்குக் கலி. காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கிறானாம். அதையும் மொழிபெயர்க்காமல் விட்டேன்.

லேப் புவனகிரி சாலையில், ஒரு சிமெண்டுக் கடையின் மாடியில் இருந்தது. படியெல்லாம் சிமெண்டுத் தூள். கதவைத் திறந்தால் ஆபரேஷன் தியேட்டர்போல் சுத்தம். உள்ளே நுழைந்ததும் உத்தரத்திலிருந்து இரண்டு கயிறு முறுக்கிக்கொண்டு தொங்கியது. முதுநகர் துறைமுகத்துக் கடையில் வாங்கிய நைலான் கயிறு. இரண்டு கயிற்றுக்கும் நடுவில் படிப்படியாக நாலு நிற உறிஞ்சுகுழல் துண்டுகள். குட்டைக்காரர்களுக்குக் கலி இதைக் காட்டித்தான் விளக்கம் சொல்வானாம். கிர்ஸ்டனுக்கும் சொன்னான், தமிழும் ஆங்கிலமும் கலந்து.

"இதாம்மா டிஎன்ஏ. ரெண்டு இழ. ஒண்ணு மேல போற ரயிலு, இன்னொண்ணு கீழ வர்ற ரயிலு. தெச மாறித்தான் இருக்கும். நடுவுல படி. செவப்பு வந்தா எதுருல நீலம்தான். மஞ்ச வந்தா பச்சதான். வேற ஜோடி சேராது. அதனால ஒரு இழ கெடச்சாப் போதும், இன்னொண்ண நாமளே எழுதிடலாம்."

பிறகு கயிற்றை எதிர்ப்பக்கம் சுழற்றி இரண்டாகப் பிரித்துக் காட்டினான். சூடாக்கினால் இழைகள் இப்படிப் பிரியும். ஆறவைத்தால், நாம் தேடும் இடத்தில் மட்டும் ஒட்டுகிற சின்னத் துணுக்கு போய் உட்காரும். அதைப் பிடித்துக்கொண்டு நொதி புது இழையை வளர்க்கும். மறுபடி சூடாக்கு, மறுபடி ஆறவை. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது சுற்று முடிவதற்குள் கோடிக்கணக்கில் பெருகிவிடும். வைரஸ் இல்லாவிட்டால் துணுக்குக்கு உட்கார இடமில்லை, எதுவும் பெருகாது. பிசிஆர் என்பது இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு நாற்பது ஸ்லைடு தேவைப்படும்.

அந்த நாற்பதையும் நான் சுவரில் போட்டுக் காட்டத்தான் செய்தேன். விட்டுக்கொடுக்க முடியுமா? முதல் ஸ்லைடிலேயே, தகதகவென்று சுழலும் ஒரு டிஎன்ஏ. கலி தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"உன் டிஎன்ஏ எடப்பக்கமா முறுக்கியிருக்கு."

ஐந்து நாடுகளில் காட்டிய ஸ்லைடு அது. கிர்ஸ்டன் எழுந்துபோய்த் தொங்குகிற கயிற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி கயிற்றைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"இடப்பக்கம் முறுக்குகிற வகையும் உண்டு" என்றேன் கௌரவமாக.

"இருக்கு மச்சான். ஆனா அது கோணல்மாணலா இருக்கும். உன்னுது அழகா இருக்கே."

அடுத்து அறைகளைக் காட்டினான். மூன்று அறை, மூன்று நிறச் செருப்பு. நீலச் செருப்பு முதல் அறைக்கு. அங்கேதான் இறால் குஞ்சை அரைத்து டிஎன்ஏவைப் பிரித்து, மருந்து கலந்து குழாயில் ஊற்றுவார்கள். இரண்டாம் அறைக்குப் பச்சை. அங்கே அதைப் பெருக்கும் இயந்திரம் இருக்கிறது. மூன்றாம் அறைக்குச் சிவப்பு. பெருக்கியதை அங்கே ஜெல்லில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஜெல் என்றால் பெரிய சமாச்சாரமில்லை, நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசியின் பங்காளிதான். பாளத்தின் ஒரு முனையில் டிஎன்ஏவை இட்டு மின்சாரம் கொடுத்தால் மறுமுனைக்கு ஓடும். கூட்டமான பஸ்ஸில் ஒல்லியானவன் முன்னால் போய்விடுவதுபோல் சின்னத் துண்டு முந்தும், பெரியது பின்தங்கும். விளக்கு போட்டால் அது நின்ற இடம் கோடாக ஒளிரும்.

"மூணாவது ரூமுக்குப் போனவங்க அன்னிக்கு மொத ரூமுக்குத் திரும்பக் கூடாது. வீட்டுக்குப் போயி குளிச்சு, சட்ட மாத்திட்டு மறுநாளுதான்" என்றான் கலி.

"செருப்பை மாற்றினால் போதாதா?" என்று கிர்ஸ்டன் கேட்டார்.

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து செருப்ப மட்டும் மாத்துனா எங்க வீட்ல உள்ள விடுவாங்களாம்மா? அங்க கோடிக்கணக்குல பெருக்கி வச்சுருக்கோம். ஒரு பொட்டு சட்டையில ஒட்டிக்கிட்டு வந்தாப் போதும். நோயே இல்லாத குஞ்சுக்கும் நோயின்னு காட்டிடும்."

சாயங்காலம் கிர்ஸ்டன் கணவருடன் டேனிஷில் பேசியது விடுதி வராந்தாவில் என் காதில் விழுந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இல்லை, இவன் இல்லை, இவனுடைய மச்சான். அற்புதமான மனிதர். நம் ஊரில் இவ்வளவு ஒழுங்கான லேபை நான் பார்த்ததில்லை. ஆமாம், செருப்பு! நிறநிறமாகச் செருப்பு!" பதினோரு வருடத்தில் என்னைப் பற்றி அவர் வீட்டில் சொல்லியிருப்பது ஒன்றே ஒன்றுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் காபி நன்றாகப் போடுவேனாம்.

மூன்றாம் நாள்தான் பரீட்சை. காலை ஆறரைக்கே லேபுக்குப் போய்விட்டேன். கலி ஐஸ் வாங்கப் போயிருந்தான். சாவி என்னிடம் இருந்தது. நீலச் செருப்பைப் போட்டுக்கொண்டு முதல் அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். என் கால் சிவப்புச் செருப்பைத் தேடிப் போனது.

என்னத்துக்குப் போனேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனுடைய பழைய ஜெல் படங்களில் எங்கேயாவது தீற்றல் இருக்காதா, கோணல் கோடு இருக்காதா, கல்லூரியில் என் தப்பைப் பார்த்து எழுதிய பழைய கலி எங்கேயாவது அகப்படமாட்டானா என்று தேடத்தான். கோப்பைப் புரட்டினேன். ஒவ்வொரு படமும் சீப்புப் பல் மாதிரி. எரிச்சலில் இழுப்பறையைத் திறந்தேன். பெருக்கி முடித்த குழாய்கள் வரிசையாக இருந்தன. லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறானா என்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. மூடி சரியாக இருக்கிறதா என்று திறந்தே பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது.

கீழே கலியின் பைக் சத்தம் கேட்டது. ஓடிவந்து செருப்பை மட்டும் மாற்றிக்கொண்டு முதல் அறையில் போய் உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்கு அஞ்சலாட்சி வந்தார். புவனகிரிக்காரர். வெள்ளாற்று முகத்துவாரத்துப் பக்கம் இரண்டு குட்டை வைத்திருக்கிறார். போன முறை வெள்ளைப்புள்ளி வந்து, இரண்டு குட்டையும் நாலே நாளில் செத்து மிதந்ததாம். இப்போது குட்டையைக் காயவைத்து, உழுது, தண்ணீர் ஏற்றி, அது நிறம் பிடித்து நிற்கிறது. குஞ்சு மட்டும்தான் பாக்கி. பொரிப்பகத்துத் தொட்டியிலிருந்து கொஞ்சம் குஞ்சைச் சாராயத்தில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"பொரிப்பகத்துக்காரன் நாலு மணி வரைக்கும் டைம் குடுத்துருக்கான் சாரு. சரின்னா ராத்திரியே பேக் பண்ணிடுவான். இல்லன்னா தொட்டியில பிளீச்சிங் கொட்டிருவான். இத வுட்டா மழைக்கி முன்ன வேற குஞ்சு கெடையாது எனக்கு."

அந்தக் குஞ்சை இரண்டாகப் பங்கிட்டோம். கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டுக் கலி தன் பங்கைச் செய்தான். மறு மூலையில் நான் என் பங்கைச் செய்தேன். ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று, அவன் தேடுகிற அதே துண்டையே என் பெட்டியும் தேடும்படி வைத்திருந்தேன். வழக்கப்படி ஒரு குழாயில் குஞ்சுக்குப் பதில் வெறும் தண்ணீர். அதில் எதுவும் பெருகக் கூடாது. பெருகினால் சோதனையே பொய்.

நாற்பது நிமிடத்தில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளைப்புள்ளி உண்டு.

அஞ்சலாட்சி அதைப் பார்த்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். கிர்ஸ்டன் என் முதுகில் தட்டினார். நான் அடுத்த திரைக்குப் போனேன். வெறும் தண்ணீர்க் குழாயின் கோடு, இருக்க வேண்டிய தரையை விட்டு, மலையேறியிருந்தது.

அந்தத் திரையை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. மூடிவிட்டேன்.

மதியம் இரண்டு மணிக்குக் கலியின் ஜெல் வந்தது. குஞ்சின் இடம் காலி, தண்ணீரின் இடம் காலி. நோய் இல்லை. கிர்ஸ்டன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஜெல்லுக்குத் தெரியாத அளவைப் பெட்டி பிடித்திருக்கிறது போல" என்றார். கலி வாதாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவனோ, "இருக்கலாம்மா. மச்சான் கருவி நுணுக்கமானது. சந்தேகம்னு வந்துட்டா குஞ்சு எறக்கக் கூடாது" என்று தலையை ஆட்டினான்.

ஜெயித்துவிட்டேன். கலியைவிட நுணுக்கமானவன் என்று கலியே சொல்லிவிட்டான். இதற்காகத்தானே ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தேன்? சுமதி கொடுத்தனுப்பிய எறாக் குழம்பைப் பிசைந்தேன். அப்படியே மூடிவைத்தேன். கைகழுவப் படிப்பக்கம் போனபோது அஞ்சலாட்சி அங்கேயே இருந்தார். அவர் கொண்டுவந்த புளிச்சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் மடியில் கிடந்தது.

"நீ ஏன் சாரு மொகத்த இப்புடி வச்சுருக்க? நீ என்னா பண்ணுவ, இருக்கறதத்தான பொட்டி சொல்லுது. நல்ல வேள, நீ வந்த. இல்லன்னா எறக்கிட்டு மறுபடியும் வாரிக் கொட்டியிருப்பேன். இந்தா, இத நீயாவது துன்னு."

பொட்டலத்தை என் கையில் வைத்தார். மணி இரண்டேமுக்கால்.

உள்ளே போய்க் கிர்ஸ்டனிடம் சொன்னேன். டேனிஷில்தான் சொன்னேன். கலிக்குப் புரியாதல்லவா? மூன்றாம் அறை, இழுப்பறை, மூடி, மலையேறிய தண்ணீர்க் கோடு எல்லாவற்றையும் இலக்கணம் பிசகாமல் ஒப்பித்தேன். முடிந்ததும் அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "இதை அந்தப் பெண்ணிடம் அவர் மொழியில் சொல்."

சொன்னேன். பதினோரு வருடத்தில் அவ்வளவு கஷ்டமான தமிழ் நான் பேசியதில்லை. அஞ்சலாட்சி எழுந்து நின்றார்.

"அப்ப எம் பொருளுக்கு நோயி இல்லியா? ஒஞ் சட்டைக்குத்தான் நோயா? அதத் தெரிஞ்சுகிட்டே காலையிலேருந்து வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தியா? நல்லா இருப்ப சாரு நீ! சோறு வேற குடுத்தேன் பாரு ஒனக்கு!"

பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

கலி திட்டவில்லை. "போயி குளி மச்சான். ஏஞ்சட்ட ஒண்ணு போட்டுக்க. உள்ள வராத" என்று மட்டும் சொன்னான். பிரிக்காத மருந்தைப் பிரித்து, மிச்சமிருந்த குஞ்சை எடுத்து, என் பெட்டியில் அவனே சோதனை போட்டான். பொத்தான் மாட்டாத அவன் சட்டையில் நான் வாசலில் நின்றேன். மூன்று ஐம்பதுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. இந்தமுறை தண்ணீர்க் கோட்டைக் கிர்ஸ்டனே திறந்து பார்த்தார். தரையோடு படுத்திருந்தது. அதற்குள் அஞ்சலாட்சி போனில் கத்திக்கொண்டிருந்தார்: "கொட்டாத! பிளீச்சிங் கொட்டாத! பேக் பண்ணு, ராத்திரி வண்டி வருது!"

போகும்போது கலியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

கிர்ஸ்டன் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். சோதனையில் பிழை நேர்ந்தால் நிரப்ப வேண்டியது. "பெட்டியும் லேபும் ஒத்துப்போகின்றன. சொன்ன சொல் சொன்னதுதான், உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேன். ஆனால் இனி வெளியூரில் நீ தனியாகச் சோதனை செய்யக் கூடாது. உன் மச்சான் ஒரு மாதம் நம் லேபுக்கு வந்து எல்லோருக்கும் சொல்லித்தருவார். உனக்கும்தான்." பேனாவைத் திறந்தார். "பிழைக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த அறைக்குள் எதற்குப் போனாய்?"

டேனிஷில் அதற்கு ஒரு சொல் உண்டு. சொன்னேன். அவர் அதைக் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

"என்னா மச்சான் எழுதுறாங்க?" என்றான் கலி.

இந்தமுறை எதையும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். "பொறாமை."

"யாரு மேல?"

"உம் மேலதான்டா."

"எம்மேலயா?" அவன் சிமெண்டுக் கடைக்குக் கேட்கும்படி சிரித்தான். எனக்கு ரோஷமாகிவிட்டது.

"ஏன், நீ எம்மேல பட்டதே இல்லியா? இத்தன வருசத்துல? டென்மார்க், லேப், எல்லாம் பாத்து?"

"இல்லியே மச்சான்."

"ஒரு தடவகூடவா?"

கலி உண்மையிலேயே யோசித்தான். நல்ல மனசு அவனுக்கு. கேட்டதற்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று தேடுவது முகத்தில் தெரிந்தது.

"பனி பேயும்போதெல்லாம் நீ வாசல்ல நின்னு ஒரு போட்டோ அனுப்புவியே…"

"ஆமா, ஆமா. அப்ப?"

"அப்பக்கூட, பாவம், கை காலெல்லாம் வெறைக்குமேன்னுதான் நெனப்பேன்" என்றான்.